சிவப்பு வண்டிக்குக் கருப்புத் தோல்

டமார், டமார் என்று ஷட்டரில் அடி விழுந்தது.

கார் பானட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற அண்ணனும் அந்தப் பக்கம் நின்ற தங்கையும் அப்படியே உறைந்துபோனார்கள். இரண்டு பேர் கைகளுக்கும் நடுவே, பாய் அகலத்துக்குக் கருப்பு வினைல் ஷீட் விரிந்திருந்தது. அடிக்காகிதத்தை உரித்தாகிவிட்டது. பசைப் பக்கம் கீழே, கார்பன் ஃபைபர் போலப் பின்னல் கோடு ஓடும் பக்கம் மேலே. இந்த நேரத்தில் யார் கையை விட்டாலும் ஷீட் சுருண்டு தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைப் பிரிக்க யாராலும் ஆகாது. பானட்டுக்கு இருந்ததே இந்த ஒரு துண்டுதான்.

"அவர்தான்" என்றாள் தங்கை. உதடு அசைந்ததே தவிர குரல் வரவில்லை.

அவர் என்றால் அவள் புருஷன். தவணை கட்டாத வண்டிகளைத் தேடிப் பிடித்துத் தூக்கி வருவதுதான் அவன் தொழில். அந்த வட்டாரத்தில் அவனுக்குக் கழுகு என்று பெயர். பெட்ரோல் பங்க், பார்க்கிங், லாட்ஜ் வாசல் என்று எங்கே பார்த்தாலும் அவனுக்குத் தகவல் சொல்ல ஆள் இருந்தது. எங்கோ சந்துக்குள் தார்ப்பாய் போர்த்தி நிற்கிற வண்டியைக்கூட, டீ குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவான் என்பார்கள்.

அப்படிப்பட்டவன் இந்த வாரம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு சிவப்புக் காரை. தங்கை கல்யாணத்துக்கு முன்பே தன் சம்பளத்தில் வாங்கிய கார். அதில்தான் ஒரு பையோடு அவள், வண்டிகளுக்கு வினைல் ஒட்டும் அண்ணன் கடைக்கு வந்து சேர்ந்தாள். முழங்கைக்கு மேலே இருந்த கருநீலத் தடங்களை அண்ணன் பார்த்தான். தூரத்து ஊரில் வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுக்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. கார் இல்லாமல் அந்த வேலை கிடையாது. சிவப்புக் காரோடு தெருவில் இறங்கினால், ஊர் எல்லையைத் தாண்டும் முன் கழுகு வந்து முன்னால் நிற்பான்.

அதனால்தான் இந்தக் கருப்பு. கதவு, கூரை, டிக்கி எல்லாம் முடிந்துவிட்டது. நம்பர் பலகைகளின் மேல் வேலைக்காக ஒட்டுவதுபோலக் காகிதம் ஒட்டியாயிற்று. பானட் ஒன்றுதான் பாக்கி. வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவள் கிளம்பிவிட வேண்டும்.

மறுபடி டமார். "தம்பி! உள்ளதானே இருக்கே?"

பெண் குரல். அண்ணனுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. யார் குரல் என்று புரிந்ததும் வந்த மூச்சு வந்த வழியே போய்விட்டது. கழுகின் அம்மா. பார்வையாலேயே பாலைத் திரிய வைக்கக்கூடியவள் என்று சொந்தக்காரர்கள் அவள் காதில் விழாத தூரத்தில் சொல்லிக்கொள்வார்கள். பெண் பார்க்க வந்த அன்று, தங்கையின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தவள்.

"அத்தை!" தங்கையின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

ஷட்டர் கிறீச்சென்று மேலே ஏற ஆரம்பித்தது. உள்ளே பூட்டுப் போடவில்லை என்பது அப்போதுதான் அண்ணனுக்கு ஞாபகம் வந்தது. தங்கை தன் பக்கத்து இரண்டு முனைகளையும் பக்கத்தில் நின்ற ஏணிப் படியில் அழுத்தி ஒட்டினாள். வெறுங்காலோடு ஓடி, வினைல் ரோல்கள் அடுக்கியிருந்த பின்னறைக்குள் மறைந்தாள். கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. பாதிதான் சாத்தியிருக்கிறாள்.

அத்தை குனிந்து உள்ளே வந்தாள். ஷட்டரைத் திரும்ப இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்ன தம்பி, இவ்வளவு தட்டறேன், வாயைத் திறக்க மாட்டேங்கற?"

"கையில பசை அத்தை."

"பசை கையிலதானே? வாயில இல்லையே?"

அவன் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை. "வாங்க அத்தை. உட்காருங்க. அந்த நாற்காலி..."

"உட்கார வரலை. என் மருமக எங்க?"

"எனக்கு எப்படி அத்தை தெரியும்? போன் போட்டா எடுக்கலை. நானே பயந்துபோய்க் கிடக்கேன்."

கடைசி வார்த்தை மட்டும் சத்தியமான உண்மை.

"அவன் சாயங்காலம் இங்க வர்றான். அதுக்கு முன்னாடி நான் ஒரு எட்டுப் போய்ப் பேச்சுக் கொடுத்துப் பார்க்கணுமாம். பொம்பளைன்னா வாயைத் திறப்பீங்களாம். அனுப்பி வெச்சிருக்கான்."

சாயங்காலம். தங்கை கிளம்ப வேண்டிய நேரமும் அதுதான். ஏணியில் ஒட்டியிருந்த முனை மெல்லத் தளர்ந்து ஷீட்டின் நடு வயிறு தொங்க ஆரம்பித்தது. இன்னும் இரண்டு விரல்கடை இறங்கினால் பானட்டில் கோணல்மாணலாக ஒட்டிக்கொள்ளும்.

அத்தை அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது விழப்போகுது."

"ஆமா அத்தை."

"ஒத்தை ஆளாவா இவ்வளவு பெருசை ஒட்டறே?"

"கூட வேலை செய்யறவன் லீவு."

"அப்ப அந்தப் பக்கம் யாரு பிடிச்சது?"

"ஏணி."

"ஏணிக்கு என்ன சம்பளம் தர்றே?"

அவள் கைப்பையை நாற்காலியில் எறிந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஏணியில் இருந்து இரண்டு முனைகளையும் உரித்துத் தன் கையில் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு. இழுக்கணுமா, விடணுமா?"

இப்படி ஒரு நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது. தங்கை தப்பிப்பதற்கான வண்டிக்கு, யாருக்குப் பயந்து தப்பிக்கிறாளோ அவனுடைய தாயே முனை பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பாள்.

"லேசா இழுத்துப் பிடிங்க. ரொம்ப இழுத்தா பின்னல் கோடு வளைஞ்சுடும். ஆங், அப்படியே. மெதுவா இறக்குங்க."

ஷீட் அதிர்ந்துகொண்டிருந்தது. குளத்தில் காற்று அடித்ததுபோல அதன் மேல் சின்னச் சின்ன அலைகள். என் கைதான் காட்டிக்கொடுக்கிறது என்று அவன் முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்தான். மூச்சைப் பிடித்தான். விரல்கள் அசையவில்லை. அலை மட்டும் நிற்கவில்லை. அத்தைக்கு வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

நடுவில் ஷீட் பானட்டைத் தொட்டது. அவன் ஒரு கையால் பஞ்சு விளிம்பு வைத்த தகட்டை எடுத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துக்கொண்டு வந்தான். காற்று வெளியேற, சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கருப்புக்குள் போனது.

"சிவப்பு வண்டி" என்றாள் அத்தை.

"ஆமா. கஸ்டமர் வண்டி. ஊர்ல பாதி வண்டி சிவப்புதான் அத்தை."

"நான் ஒண்ணும் கேட்கலையே."

நாற்காலியில் கிடந்த கைப்பைக்குள் போன் அலறியது. இரண்டு பேருமே திரும்பிப் பார்த்தார்கள். அலறி முடித்தது. உடனே மறுபடி அலறியது.

"எடுங்க அத்தை, நான் பிடிச்சுக்கறேன்" என்றான் வாய் தவறி. சொன்ன பிறகுதான் அது யாருடைய போனாக இருக்கும் என்று உறைத்தது.

"கை வேலையா இருக்குல்ல? எடுக்கற வரைக்கும் விடமாட்டான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். கேட்டது கையில வர்ற வரைக்கும் தரையை உதைப்பான்." முனையை மாற்றிப் பிடித்தாள். "அப்ப தரையை."

அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவன் சூடான காற்று ஊதும் ஹீட் கன்னைப் போட்டு ஓரங்களைச் சூடு காட்டி மடித்தான். அதன் இரைச்சல் இருக்கும்வரை பேச வேண்டாம் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. பிளேடால் மிச்சத்தை நறுக்கும்போது, கருமாரி... எந்தச் சாமி பெயர் வாயில் வந்ததோ, எல்லாவற்றையும் மனசுக்குள் கூப்பிட்டான். பின்னறைக் கதவு இடுக்கில் இருட்டு மட்டும் தெரிந்தது. போய்விடட்டும், இவள் இப்படியே போய்விடட்டும்.

அத்தை போகவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். கல்யாணப் புடவைக்கு விலை கேட்கிறவள்போல உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். முன் கதவு. பின் கதவு. அங்கே கை நின்றது.

அவனுக்குத் தெரியும் அங்கே என்ன இருக்கிறது என்று. உள்வாங்கிய ஒரு பள்ளம். வழவழப்பான ஷீட்டாக இருந்திருந்தால் ஒளி விழுந்தால்தான் தெரியும். இந்தக் கார்பன் பின்னலில் கோடுகள் எல்லாம் நேராக ஓடி வந்து, அந்த இடத்தில் மட்டும் வளைந்து குழிக்குள் இறங்கி ஏறின. எவ்வளவு சூடு காட்டினாலும் அதை மறைக்க முடியவில்லை.

"இது என்ன?"

"எங்கேயோ தூண்ல இடிச்சிருக்கார் போல அத்தை. கஸ்டமர்."

அவள் இரண்டு விரலால் பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி வந்தாள். "தூண் ஷூ போட்டிருந்துச்சா?"

அவன் கையிலிருந்த பிளேடு தரையில் விழுந்து கணீரென்றது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று தங்கை அவனிடம் சொல்லியிருந்தாள். அவள் காருக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டாள். வெளியே நின்றவன் உதைத்தான், திற என்று கத்திக்கொண்டே உதைத்தான். வாசற்படியில் அத்தை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. "அவங்களும் அவர் பக்கம்தான்ணா" என்று சொல்லித்தான் தங்கை அழுதாள்.

எல்லாம் முடிந்தது. இப்போது இவள் ஒரு போன் செய்தால் போதும். ஷட்டரை இழுத்துப் பூட்டிவிடலாமா? போனைப் பிடுங்கிவிடலாமா? அம்மா வயசுக்காரியை எப்படிக் கை வைத்துத் தடுப்பது?

"அத்தை..." என்றான். "உங்க காலைப் பிடிச்சுக் கேட்கறேன். அவ எங்கேயாவது உயிரோட இருக்கட்டும் அத்தை."

அவள் பின் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு திறந்துகொண்டது.

உள்ளே, கதவு விளிம்பிலும் சட்டத்திலும் படியிலும், ரத்தம்போல அத்தனையும் சிவப்பு.

வினைல் ஒட்டுகிறவன் எவனும் கதவின் உள்பக்கத்தைத் தொடுவதில்லை. நேரம் இழுக்கும், வளைவு அதிகம், வாங்குகிறவனும் கேட்கமாட்டான். கதவுகளைச் சாத்திவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்து, முடிந்தது என்று சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம். இந்த வண்டிக்கும் அப்படியேதான் செய்திருந்தான். நிறம் மாற்றிய வண்டிகளைப் பிடித்தே பிழைக்கிற ஒருவனிடமிருந்து ஒளிக்கிறோம் என்பது புத்தியில் ஏறவே இல்லை.

பின்னறைக் கதவு அசைந்தது. தங்கை வெளியே வந்து நின்றிருந்தாள். அண்ணனைத் தனியே மாட்டவிட்டு ஒளிந்திருக்க அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டு கைகளையும் மார்போடு கட்டியிருந்தாள்.

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கைப்பைக்குள் போன் மூன்றாவது தடவையாக அலற ஆரம்பித்தது. அத்தை போய்ப் பையைத் திறந்து போனை எடுத்தாள். அதைப் பிடித்திருந்த கை நடுங்கியது. ஷீட்டைப் பிடித்திருந்தபோது நடுங்கிய அதே நடுக்கம். அலறல் ஓயும்வரை கையில் வைத்திருந்துவிட்டு, மறுபடி பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். திறந்து கிடந்த கதவுப் பக்கம் திரும்பினாள்.

"உள் ஓரத்தையும் கருப்பாக்கிடு தம்பி, அவன் முதல்ல கதவைத் திறந்துதான் பார்ப்பான்."