ஒழுகும் புரதம்

அப்துல் கஃபாரின் சிறுநீரில் புரதம் போகிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் மனைவி நூர் பீவிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவருக்குச் சர்க்கரை இருப்பது பழகிப்போன சங்கதி. சோற்றைக் குறை, இனிப்பைத் தொடாதே, தீர்ந்தது. இப்போது புரதமாம்! “சாப்பாட்டுல கவனம், கிட்னி முக்கியம்” என்ற டாக்டர், மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார்; அதற்குள் நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டாள். தாம்பரத்தில் எந்த டாக்டருக்கு உட்கார்ந்து பேச நேரமிருக்கிறது?

செம்பாக்கம் வீட்டில் மகள் ரிஸ்வானா பிளஸ் டூ பரீட்சைக்குச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

“புரதம்னா இன்னாடி?”

“தசை, தோல், ரத்தம் எல்லாத்துலயும் அதுதாம்மா. அது இல்லன்னா உடம்பே இல்ல.”

“அப்ப சர்க்கரை?”

“அதுவும் வேணும். டி.என்.ஏ.வுலயே ஒரு சர்க்கரை இருக்கு.”

“கொழுப்பு?”

“ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் கொழுப்புதான் உறை.”

நூர் பீவிக்குத் தலை கிறுகிறுத்தது. இதென்ன கூத்து! டாக்டர் விரட்டுவதையெல்லாம் புத்தகம் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறதே! ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. உடம்பே புரதம். அது ஒழுகுகிறது. மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறார். ஒழுகினால் என்ன செய்வது? மேலே ஊற்ற வேண்டியதுதான்.

ஊற்றினாள். காலையில் முட்டை, மதியம் ஆட்டுக்கறிச் சுக்கா, ராத்திரி பாயா. பக்கத்து வீட்டுக் கோகிலவாணியின் மகன் ஜிம்முக்குப் போகிறவன்; அவனைக் கேட்டு டப்பா டப்பாவாகப் புரோட்டீன் பவுடர் வாங்கிப் பாலில் கலக்கினாள். கூடுவாஞ்சேரி பிளைவுட் கடையிலிருந்து வரும் கஃபார், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அத்தனையையும் விழுங்கினார். அவர் கால் வீங்கியபோதுகூடச் சதை பிடிக்கிறது என்று பூரித்துப்போனாள், பாவம்.

மறுபடி எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் அதிர்ந்தார்.

“கிட்னி இவ்வளவு கெட்டிருக்கே! கறி, முட்டைன்னு நெறைய சாப்டீங்களா? யார் குடுத்தது?”

“நானேதான் சார். கடையாண்ட ஓட்டல்ல துன்னேன். வூட்ல தெரியாது” என்றார் கஃபார்.

நூர் பீவி விக்கித்துப்போனாள். ஐந்து வேளை தொழுகிற மனுஷன். அவர் வாயில் பொய் வந்து அவள் கேட்டதே இல்லை.

“இல்ல டாக்டர், நான்தான். ஒழுகுதுன்னீங்களே... ஊத்தினேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நர்ஸ் கூப்பிட்டாள், அவர் திரும்பவில்லை.

“கிட்னிங்கிற வடிகட்டி கிழிஞ்சிருக்கும்மா. மேல மேல ஊத்தினா கிழிசல்தான் பெருசாகும். புரதமே வேணாம்னு சொல்லல, அளவா குடுங்க. மிச்சமிருக்கிற கிட்னியைக் காப்பாத்தப் பாப்போம்.”

வெளியே வந்ததும் கணவனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏங்க பொய் சொன்னீங்க? இத்தினி நாளா புடிச்சுதான் சாப்டீங்களா?”

“எங்க? ஒவ்வொரு வாய்க்கும் கொமட்டிகினு வரும். ஆனா நான் ஒரு வாய் வெச்சா உன் மூஞ்சி மலரும் பாரு நூரு, அத்தக் கெடுக்க மனசு வரல.”

யா அல்லாஹ், இந்த ஆளை அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா? நூர் பீவிக்கு இரண்டும் ஒன்றாக வந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற வருகிறவர்கள் பார்க்க, விசும்பிக்கொண்டே அவர் கையைப் பிடித்தாள்.

“வேணும்ன்றாங்க, ஆனா வேணான்றாங்க. போடணும், ஆனா போடக்கூடாது. உங்க மேல கீற ஆசையை இனிமே நான் எதுல போட்டு ஆக்கறது, சொல்லுங்க?”

கஃபார் மறு கையால் அவள் கண்ணைத் துடைத்தார்.

“எனக்கும் தெரியலியே நூரு” என்றார்.