இடுப்பில் ஒரு சுட்ட புண்

“நீதான் வாங்கிக் குடுத்திருக்க! வேற யாரு? லைன்ல அவருகூட ஒட்டிக்கிட்டுத் திரியிறது நீ ஒருத்தன்தான!”

“அண்ணி, கொஞ்சம் மெதுவா பேசுங்க லா. காப்பு கட்டுனதுலேருந்து அண்ணன் ஒரு சிகரெட்டுகூட தொடல. ஆத்தா மேல சத்தியம்.”

“ஆத்தாவ எதுக்கு இழுக்குற? அவ கோச்சுக்கிட்டதாலதான் மனுசன் உள்ள கெடக்குறாரு.”

மைலோ பானப் பாக்கெட்டுகளோடு படியேறி வந்த நளினிக்கு அந்தச் சண்டை பாதிப் படியிலேயே கேட்டுவிட்டது. வார்டு கதவுக்கு வெளியே அம்மா சாரதா இடுப்பில் கைவைத்து நின்றாள். பெஞ்சில் இருந்த ஒரு மலாய்க்கார அம்மாள் தன் பையை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். முருகையா சித்தப்பா, ‘நீயாவது சொல்லேன்’ என்பதுபோல நளினியைப் பார்த்துக் கையை விரித்தார்.

அதற்குள் கதவு திறந்தது. நர்ஸ் நீலாவதி எட்டிப் பார்த்தாள்.

“நளினி, டாக்டர் கூப்பிடுறாரு. நீ மட்டும் வா.”

“நான் வர வேணாமா?” என்றாள் சாரதா.

“ஒங்களுக்கு மார்க்கெட் மலாய்தான வரும், அத்த. டாக்டர் மலாய் வராதே. அவளே வரட்டும்.”

மூன்று நாளைக்கு முன், அப்பாவைச் சேர்த்த அன்றும் இதே நீலாவதிதான் கட்டிலருகே நின்றாள். தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லைனில், அவர்கள் வீட்டிலிருந்து ஐந்து கதவு தள்ளி அவள் வீடு. கோயில் பூசாரியின் மருமகள். டாக்டர் அன்றைக்கு இரண்டே கேள்வி கேட்டார். உடம்பில் எங்காவது புண் இருக்கிறதா? ஏதாவது கடித்ததா? நளினி அதைத் தமிழில் அம்மாவிடம் கேட்டாள். நீலாவதி டிரிப்பைச் சரிபார்க்க அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, சாரதா மகளின் முழங்கையைப் பிடித்துக் கிசுகிசுத்தாள்.

“இடுப்புல சிகரெட் சுட்டது ஒண்ணு இருக்கு. அதச் சொல்லிராத. காப்பு கட்டிக்கிட்டுக் குடிச்சாருன்னு இவ காதுல விழுந்தா, நாளைக்குக் கோயில் முழுக்க அதான் பேச்சு.”

“கடிச்சது ஏதும்?”

“தேயிலக் காட்டுல கடிக்காதது என்ன இருக்கு? இல்லைன்னு சொல்லு.”

நளினி டாக்டரிடம் திரும்பி, “தாக் அட” என்றாள். இல்லை என்பதற்கு மலாயில் அந்த இரண்டு சொல்தான்.

அம்மா அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அப்பா வீரப்பன் தோட்டத்தில் மிஷின் கட்டிப் புல் வெட்டுகிறவர். முன்பெல்லாம் வேலை நேரத்தில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வருவது தெரிந்தால், சிகரெட்டை அவசரமாக நசுக்கி இடுப்பில் செருகிக்கொள்வார். சில சமயம் அது சரியாக அணைந்திருக்காது. அந்த இடத்தில் இரண்டு பழைய தழும்புகள் உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டிய நான்காம் நாள் அவர் குளித்துவிட்டு வரும்போது, அந்தத் தழும்புகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று கறுப்பாக இருந்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

“நான் குடிக்கல சாரதா. எப்படி வந்துச்சுன்னே தெரியல. வலிக்கக்கூட இல்ல.”

“பொய் சொல்லாதீங்க.”

அதோடு பேச்சு நின்றது. அடுத்த ஐந்து நாளும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அம்மா உள்ளே போய்விடுவாள். ஆறாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது; இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

உள்ளே அப்பாவின் வாயில் குழாய் போட்டிருந்தார்கள். கையில் மஞ்சள் காப்புக் கயிறு அப்படியே இருந்தது. அதை வெட்டக் கூடாது என்று அம்மா கெஞ்சியதால், ஊசிக்கு ஒட்டிய பிளாஸ்திரிக்கு மேலே ஒதுக்கிவிட்டிருந்தார்கள். டாக்டருக்கு வயது முப்பதுகூட இருக்காது. போர்வையை விலக்கி அப்பாவின் இடுப்பைக் காட்டினார். சட்டைப் பொத்தான் அளவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு.

“இது எத்தனை நாளாக இருக்கிறது?” என்று மலாயில் கேட்டார்.

இந்த முறை நளினி மறைக்கவில்லை. “பத்து நாளுக்கு மேலே. சிகரெட் சுட்டது.”

“சுட்டது இல்லை. சுட்டால் வலிக்கும். புல்லிலும் புதரிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கிறது. அது கடித்த இடம் இப்படித்தான் கறுத்துப்போகும், வலிக்காது. இந்தக் காய்ச்சல் அதிலிருந்து வந்தது. நாங்கள் எலிக் காய்ச்சல் என்று நினைத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது மருந்தை மாற்றியிருக்கிறேன்.”

“சரியாயிடுமா?”

டாக்டர் மிஷினில் ஓடிய எண்களைப் பார்த்தார். “நல்ல மருந்துதான். முதல் நாளே போட்டிருந்தால்…” அங்கேயே நிறுத்திக்கொண்டார். போர்வையை இழுத்து மூடிவிட்டு, “நானும் அன்றைக்கே போர்வையை விலக்கிப் பார்த்திருக்க வேண்டும்” என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

வெளியே வந்ததும் சாரதா ஓடி வந்தாள். “என்ன சொன்னாரு?”

சித்தப்பா தலை குனிந்து நின்றார். ‘அப்பா சொன்னது உண்மைம்மா, அவர் குடிக்கல’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அந்தப் பழி நீங்கிவிடும். ஆனால் அடுத்த மூச்சிலேயே அம்மா கேட்பாள், ‘அப்ப அன்னைக்கே அதச் சொல்லியிருந்தா?’

“மருந்து மாத்தியிருக்காங்கம்மா” என்றாள் நளினி.

புது மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. நளினி கட்டிலருகே நின்று அதையே பார்த்தாள். கட்டிலின் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையையும் பார்த்தாள். அதில் ஒரு சொட்டாவது கூடினால் நல்லது என்று நீலாவதி சொல்லியிருந்தாள். பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்த்தாள். இரண்டு மணிக்குப் பார்த்தாள். பை அப்படியே இருந்தது. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மிஷின் விடாமல் கத்தியது. இரண்டு மூன்று பேர் ஓடி வந்தார்கள். நீலாவதி திரைத்துணியை இழுத்துவிட்டு, நளினியின் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

மறுநாள் மத்தியானம் லைன் வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டு அப்பாவின் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். பனிமூட்டம் தேயிலை மேலேயே நின்றது. பூசாரி சொன்னபடி நீலாவதி வந்து காப்புக் கயிற்றை வெட்டி எடுத்தாள். வாய்க்கரிசி போட்டு முடிந்தது. மூடியைத் தூக்க நான்கு பேர் குனிந்தார்கள்.

“இருங்க” என்றாள் சாரதா.

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிகரெட் பாக்கெட்டை எடுத்தாள். காலையில் அவளே கடைக்கு நடந்து போய் வாங்கி வந்திருக்கிறாள். அப்பாவின் சட்டைப் பையில் அதை வைத்துத் தடவிவிட்டாள்.

“இனிமே ஒளிச்சு ஒளிச்சுக் குடிக்க வேணாம். எனக்குக் கோவம் இல்ல, போங்க.”

சித்தப்பாவால் பொறுக்க முடியவில்லை. “அண்ணி, அண்ணன் குடிக்கலன்னு எத்தன தடவ…”

“வாய மூடு முருகையா. நானே மன்னிச்சுட்டேன். நீ இன்னும் எதுக்கு மறைக்கிற?”

“அம்மா” என்றாள் நளினி.

மூடியைப் பிடித்திருந்தவர்கள் நின்றார்கள். நீலாவதி திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகம் பல நாளைக்குப் பிறகு அமைதியாக இருந்தது.

“என்ன பாப்பா?”

“ஒண்ணும் இல்லம்மா.”

மூடியை வைத்தார்கள்.

திங்கட்கிழமை பதினாறாம் நாள் காரியம். படையலில் வைக்க அம்மா இன்னொரு பாக்கெட் வாங்கி, அப்பா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். சித்தப்பா அன்றைக்குப் போனவர்தான், இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. நளினி தினமும் விளக்கேற்றும்போது அந்தப் பாக்கெட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பிறகு இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிறாள்.

அம்மாவிடம் அவள் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? திங்கட்கிழமைக்குள் ஒரு வரி பதில் எழுதுங்கள்.