நாத்தனாரின் மோவாய்

பரிசாகக் கொடுத்த படங்களெல்லாம் ஒவ்வொன்றாக ஓவியக்காரியிடமே திரும்பி வந்தன. வீடு மாற்றியவர்கள், சுவருக்குப் புது வண்ணம் அடித்தவர்கள், எல்லோருக்கும் ஒரே பாட்டு: "நீயே பத்திரமா வச்சுக்கோ, எங்ககிட்ட இருந்தா வீணாப் போயிடும்." வாங்கும்போது வாயெல்லாம் பல்லாக வாங்கிய அதே கூட்டம்தான். தூசியைக்கூடத் தட்டாமல் கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டுப் போயிற்று.

கடைசியாக வந்தது கணவனின் அக்காவுடைய உருவப்படம். எதிரே உட்காரவைத்து, அசையாமல் இருக்கச் சொல்லிக் கெஞ்சிக் கெஞ்சி வரைந்த நீர்வண்ணப் படம்.

"என் ஜாடையே இல்ல. எனக்கு மோவாய் இவ்ளோ பெருசாவா இருக்கு?" என்றாள் நாத்தனார், அந்த மோவாயையே தூக்கிக்கொண்டு.

"நான்தான் சரியாப் பாக்கல அண்ணி," என்றாள் ஓவியக்காரி. உண்மையில் அவள் அதைக் கொஞ்சம் குறைத்துத்தான் போட்டிருந்தாள்.

நாத்தனாரின் கார் தெருமுனை திரும்பியதும் சட்டத்தைக் கழற்றினாள். கத்தரிக்கோலை எடுத்து வெட்டினாள். துணி வெட்டுவதைவிடச் சுலபமாக இருந்தது. சித்தி திருப்பித் தந்த கடல் படத்தை நறுக்கி, புதுப் படம் ஒன்றில் வானமாக ஒட்டினாள். மைத்துனன் வேண்டாமென்ற செங்கல் சுவர் மலையடிவாரக் கூரைகளாயிற்று. மலைக்கு மட்டும் எதுவும் பொருந்தவில்லை. மோவாயை வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

கடலாக இருந்தபோது அசட்டுத்தனமாகத் தெரிந்த நீலம் இப்போது நிமிர்ந்து நின்றது. அதைக் கடலாக வரைந்தவளும் ஒன்றும் பெரிய கெட்டிக்காரி இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று கணவன் கதவோரம் நின்று கேட்டான்.

"என்ன ஆகும்? நான் வெட்டுனது காகிதத்தை."

இப்படி ஒட்டிய படங்களை வைத்து அவள் நடத்திய கண்காட்சிக்குக் குடும்பமே வந்தது. சித்தி தன் கடலைக் கண்டுபிடிக்கவில்லை. மைத்துனன் பலகாரத் தட்டை விட்டு நகரவில்லை. நாத்தனார் மட்டும் ஒரு படத்தின் முன்னே நின்றுவிட்டாள்.

"இது என் மோவாய்."

"ஜாடையே இல்லன்னீங்களே அண்ணி."

நாத்தனார் குரலை உயர்த்த மூச்சு இழுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கால்நடை மருத்துவர், "அந்த மலைக்கு என்ன ஒரு கம்பீரம்," என்று சொல்லிவிட்டார். இழுத்த மூச்சு அப்படியே புன்னகையாயிற்று.

"அது நான்தான்," என்று முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாள் நாத்தனார். அன்று முழுக்க அந்தப் படத்தருகே நின்று, வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொன்னாள். கிளம்பும்போது ஓவியக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத எனக்குக் குடுத்துடு. குடும்பத்துப் பொருள் வெளிய போகலாமா?"

"டாக்டர் வாங்கிட்டார் அண்ணி." இதைச் சொல்லும்போது ஓவியக்காரி அவசரப்படவே இல்லை.

படம் மருத்துவமனையில், நாய்கள் காத்திருக்கும் பெஞ்சுக்கு மேலே மாட்டப்பட்டது. சில வாரங்களில் மருத்துவர் தயங்கித் தயங்கிப் போன் செய்தார்.

"உங்க நாத்தனார் அடிக்கடி ஆளுங்களக் கூட்டிட்டு வந்து படத்தக் காட்டுறாங்க. நாயோட உக்காந்திருக்கவங்க எழுந்து வழிவிட வேண்டியிருக்கு. அவங்க வீட்டுல ஏதாவது வளக்குறாங்களா?"

"வீட்டுக்காரரத்தான்," என்றாள் ஓவியக்காரி. "அவருக்கு ஒரு ஊசி போட்டு அனுப்புங்க, வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கட்டும்."