பாதியில் நின்ற லினக்ஸ்

குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நேரத்தில் லாட்ஜின் வரவேற்பறைக் கம்ப்யூட்டர் இருண்டு கிடந்தது. முதலாளியின் மச்சான் விஜய்பாண்டி அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றப் போய், வேலை பாதியில் நின்றுவிட்டது.

“இவதான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டா, அத்தான்” என்று வரவேற்பாளர் ஜெயபிரியா மேல் பழியைப் போட்டான்.

ஜெயபிரியா அவன் லினக்ஸ் கொண்டுவந்திருந்த பென்டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகிப் பார்த்தாள். டவுன்லோடு ஆன ஃபைல் பாதிதான் இருந்தது.

“அரைகுறையா எறக்கிட்டு என்னையச் சொல்லுதீரோ?”

“ஏட்டி, வாயை மூடு!”

முதலாளி பார்க்கவே அவள் முழு ஃபைலையும் இறக்கி, முதலிலிருந்து ஏற்றினாள். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. விஜய்பாண்டி மன்னிப்புக் கேட்கவில்லை; அவள் புதிதாக வைத்த பாஸ்வேர்டைத்தான் கேட்டான்.

“அத அண்ணாச்சிட்டதான் சொல்லுவேன். ஒம்ம கை இனி இதுல படப்பிடாது.”

முதலாளி மச்சானை ஏறிட்டும் பார்க்கவில்லை. “எங்கிட்டயே சொல்லும்மா” என்றார்.