தலை எண்ண வந்த பஸ்

எங்கள் ஊருக்கு ஒரே ஒரு பஸ். காலையில் டவுனுக்குப் போகும், சாயங்காலம் திரும்பும். ஏறுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் அதை நிறுத்தப் போகிறார்கள் என்றும், அதற்கு முன் ஓர் அதிகாரி தலை எண்ண வருகிறார் என்றும் கண்டக்டர் என் காதில் போட்டார்.

என் அண்ணிக்குச் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தால்தான் உயிர். அண்ணனோ லாரியோடு எங்கேயோ இருக்கிறான். பஸ் நின்றால் அண்ணி நடந்தா போக முடியும்?

நான் தையல்காரி. என்னிடம் துணி கொடுக்காத வீடு ஊரில் கிடையாது. "நாளைக்கு பஸ் ஏறலைன்னா உங்க துணி என் மெஷின் பக்கமே வரக்கூடாது" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் முதல் ஸ்டாப்பிலேயே ஊர் மொத்தமும் ஏறியது. எள் விழ இடமில்லை. முன் சீட்டிலிருந்த அதிகாரி எண்ணி முடித்துவிட்டு, "எல்லாரும் எங்க போறீங்க?" என்றார். மாவு மில்காரர் திருதிருவென்று விழித்து, "ஆஸ்பத்திரிக்கு" என்றார். அடுத்தடுத்து எட்டுப் பேர் அதையே சொன்னார்கள். "ஊர்ல என்னங்க நோய்?" என்று அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினேன். அடுத்த ஸ்டாப்பில், தன் வீட்டருகே, அண்ணி ஆஸ்பத்திரிப் பையோடு நின்று கை காட்டினார். கண்டக்டர் நிறுத்தாமல் போகச் சொல்லி இரண்டு விசில் கொடுத்தார். பஸ் அண்ணியைத் தாண்டியது. அவருக்கு ஒரு சீட் பிடித்து வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை, வெட்கக்கேடு.

"நிறுத்துங்க" என்றேன்.

"யாரும்மா அது?" என்றார் அதிகாரி.

"இந்த பஸ்ஸுல நிஜமா போறவங்க அவங்கதான் சார். நாங்கல்லாம் சும்மா ஏறினோம்."

மில்காரர் என் காலை மிதித்தார். பஸ் நின்றது. அண்ணி மெதுவாக நடந்து வந்து ஏறினார். அதிகாரி தன் சீட்டை விட்டு எழுந்தார்.

"உக்காருங்கம்மா. எந்தெந்த நாள் போறீங்க?"

"செவ்வாய், வெள்ளி."

எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. பஸ் இனி செவ்வாய், வெள்ளி மட்டும். மற்ற நாட்களில் மில்காரர் டவுனுக்கு நடக்கிறார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று ஊரே என்னைத் திட்டுகிறது. பாதிப் பேர் டவுனில் துணி தைக்கக் கொடுக்கிறார்கள்.

திட்டட்டும். அண்ணி உயிரோடு இருக்கிறார்.