தேவாவின் தோள்பட்டை

மாத்திரை போட்டால் எனக்குத் தலை வெடிக்கும். போடாவிட்டால் அடுத்த குழந்தை வந்து நிற்கும். ஒருநாள் நான் தலையைப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரர் தேவாவுக்கு உறைத்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்களுக்கான கருத்தடை ஜெல்லை ஆராய்ச்சிக்காகத் தந்தார்கள்; இவர் போய்ச் சேர்ந்துகொண்டார். காலையில் தோளில் தடவிச் சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் குளித்துவிட்டால் யார்மேலும் ஒட்டாது. சில மாதம் கழித்து டாக்டர் இவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு என் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். தலைவலி போயே போச்சு.

மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தான் ஆடுகிற ஆவடி குவார்ட்டர்ஸ் கபடி டீமில் போய்ப் பெருமையடித்துவிட்டார். ஜிம்மில் விற்கும் பேர் தெரியாத பவுடரை டப்பா டப்பாவாகக் கரைத்துக் குடிக்கிற கேப்டன் கலியமூர்த்தி, ஹார்மோன் உடம்புக்கு ஆகாது என்று வகுப்பெடுத்தார். மீசை கொட்டிவிடும், தோளைத் தொட்டவனுக்கும் பிள்ளை பிறக்காது என்று ஆளுக்கு ஒன்று. பைக்கில் பின்னால் உட்காருகிறவன்கூட இவரைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டானாம்.

திருமழிசை டீமோடு பைனல். அதற்கு முந்தின நாள் தேவா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மேச்சு முடியட்டும் சுதா, இந்த ஜெல்ல உட்டுட்றேன். பசங்க ரொம்ப ஓட்டுறானுங்க."

"உட்டுடுய்யா. என் தலதானே வெடிக்கப்போவுது."

சொன்னேனே தவிர, எனக்கு அழுகை அழுகையாக வந்தது. பழைய மாத்திரை அட்டை இன்னும் அலமாரியில்தான் இருந்தது.

கலியமூர்த்தியின் வாய் திருமழிசை வரைக்கும் போயிருந்தது எங்களுக்குத் தெரியாது. பைனல் அன்று தேவா ஜெல் போகக் குளித்துவிட்டு, கையில்லாத பனியனோடு கபடி பாடிக்கொண்டு போனார். எதிர் டீமில் ஏழு பேரும் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டார்கள். இவர் தோளைத் திருப்பினால் சிதறி ஓடுகிறார்கள். காலைப் பிடிக்க வந்த ஒருவன், தோள் பக்கத்தில் வந்ததும் தானாகவே கோட்டுக்கு வெளியே போய்விட்டான். இவர் பாட்டுக்கு ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தார். கோப்பை ஆவடிக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கலியமூர்த்தி கோப்பையோடு எங்கள் வீட்டு வாசலில் நெளிந்துகொண்டு நின்றார்.

"தங்கச்சி, அந்த ஜெல்லு நம்ம பசங்க எல்லாத்துக்கும் கெடைக்குமா? அடுத்த மாசம் பூந்தமல்லில மேச்சு கீது."

மீசை கொட்டாதா என்று கேட்டேன். மீசை கிடக்கிறது, கப்பு வருகிறதே என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புஷ்பாக்கா மாத்திர போட்டுகினு தெனம் வாந்தியெடுக்குது. அதுக்கு வராத ஆச கப்புக்கு வருதா அண்ணாத்தே?"

தன் பெண்டாட்டி பேரைக் கேட்டதும் அவர் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். புஷ்பாக்காவுக்காக டாக்டர் நம்பரைக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலை தேவா கண்ணாடி முன்னால் நின்று, விசிலடித்தபடி தோளில் ஜெல் தடவிக்கொண்டிருந்தார். எனக்காகவா, பூந்தமல்லி மேட்ச்சுக்காகவா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. மாத்திரை அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டேன்.