சாலோமி டீச்சரின் அளவு ஜாக்கெட்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1996-ஆம் வருஷம், பாளையங்கோட்டையில் நான் தமிழ் கற்பித்துவந்த பெண்கள் பள்ளியின் ஓய்வறையில், விளையாட்டு ஆசிரியை சாலோமி கதவைத் தாழிட்டுவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். புதுச் சுடிதார். "யக்கா, இந்த ஜிப்பைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்றார். ஏற்றினேன். பாதி முதுகில் நின்றது. மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னேன். இழுத்தார். ஜிப் அசையவில்லை. அப்போதே இதை எழுதுவது என்று முடிவு செய்தேன். சிநேகிதிகளுக்கு இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது.

சாலோமி அனுமதி கொடுத்தார். வயதை எழுதலாம், எடையைக்கூட எழுதலாம். "நம்பரை மட்டும் எழுதாதிய" என்றார். ஆக, இது அளவைப் பற்றிய கதை. இதில் அளவு வராது. வரவேண்டிய இடத்தில் ___ என்று கோடு போட்டிருக்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "சலசலத்து ஓடும் தாமிரபரணியின் கரையில்..."

(விட்டுவிட்டேன். அந்த மாதம் ஆறு சலசலக்கவில்லை. தவிர, ஆறு சுடிதார் போடுவதில்லை.)

தொடக்கம் இரண்டு: "உடை என்பது உடலின் மீது சமூகம் எழுதும் ஒரு..."

(ஒரு என்ன? மூன்று நாள் யோசித்தேன். இப்படித் தொடங்கினால் காலாண்டிதழ்களில் நிச்சயம் போடுவார்கள். படிப்பவர்கள் பாவம்.)

தொடக்கம் மூன்று: போன வருஷ விளையாட்டு விழாவில் சாலோமி விழுந்தார்.

இது நிற்கும். நானூறு மீட்டரில் ஒரு பெண் வளைவில் மயங்கிச் சரிந்தாள். சாலோமி ஓடினார். பாதி வழியில் சேலைக் கொசுவம் காலடியில் சிக்கி, ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் பார்க்க முகம் குப்புற விழுந்தார். அந்தப் பெண்ணை பேண்டு வாத்தியார் தூக்கிக்கொண்டு வந்தார். புன்னக்காயல் கடற்கரை ஈர மணலில் அண்ணன்மாரைத் தோற்கடித்து வளர்ந்தவர் சாலோமி. விழுந்தது அவருக்கு வலிக்கவில்லை. போய்ச் சேராததுதான் வலித்தது. மறுநாளே மனுக் கொடுத்தார்: விளையாட்டு ஆசிரியைகள் சுடிதார் அணிய அனுமதி வேண்டும்.

தாளாளர் சாம்பசிவம் அந்த மனுவைப் பதினோரு மாதம் பரிசீலித்தார். பிறகு எங்களைக் கூட்டி நாற்பது நிமிடம் பண்பாடு பற்றிப் பேசினார்.* முடிவில் ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டார். இந்த வருஷ விழாவில் சாலோமி சுடிதாரில் வரலாம். உடை உடம்பில் ஒட்டவும் கூடாது, உடம்பை விட்டு விலகவும் கூடாது. திருப்தியாக இருந்தால் நிர்வாகத்தின் நான்கு பள்ளிகளிலும் உள்ள பதினோரு விளையாட்டு ஆசிரியைகளுக்கும் அனுமதி. இல்லையென்றால் இந்தப் பேச்சே இனி எடுக்கக் கூடாது. இன்னொன்று: தைத்துப் போடக் கூடாது, ரெடிமேட்தான். ரெடிமேடில் எண் இருக்கிறது. எண் இருந்தால் ஒழுங்கு இருக்கும் என்று தாளாளர் நம்பினார்.

விழாவுக்குப் பத்து நாள் இருந்தது.

* அந்த நாற்பது நிமிடமும் தாளாளர் கால்சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்திருந்தார்.

3

எங்கள் பக்கத்தில் தையல்காரர் பெண்ணின் மேல் அளவு நாடா வைப்பதில்லை. நன்றாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுதான் அளவு ஜாக்கெட். சாலோமியிடம் இருந்தது கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று. பதினோரு வருஷமாக அதைக் கொடுத்துத்தான் முருகன்குறிச்சி நாறும்பூநாதனிடம் தைத்துக்கொள்கிறார். ஒவ்வொன்றும் உருவி விட்டதுபோல் இருக்கும்.

அந்த ஜாக்கெட்டை மேசையில் விரித்து நாங்கள் இருவரும் அளந்தோம். ___ வந்தது. சாலோமிக்கு மகிழ்ச்சி. கல்லூரியில் ஓடிய நாளிலும் இதே ___தான் என்றார். ஜாக்கெட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு கடைகளுக்குக் கிளம்பினோம்.

முதல் கடை டவுனில் தளவாய் அண்ணாச்சியுடையது. 'சர்வதேச அளவுகள்' என்று பலகை. போட்டுப் பார்க்க அறை கிடையாது. வீட்டில் போட்டுப் பார்த்து, சீட்டைக் கிழிக்காமல் மூன்று நாளில் கொண்டுவந்தால் மாற்றித் தருவார். அங்கே வாங்கிய ___தான் முதல் பக்கத்தில் பாதி முதுகில் நின்றது. மாற்றப் போனபோது அண்ணாச்சி துணியைத் தட்டிப் பார்த்து, "அளவு சரியாத்தான் இருக்கு டீச்சர். ஆளுதான் கொஞ்சம் மாறியிருக்கிய" என்றார். அடுத்த எண்ணைக் கொடுத்தார். அதில் சாலோமியும் நானும் சேர்ந்து குடியிருக்கலாம். நான் குடைந்து கேட்டதில் உண்மை வந்தது. பம்பாயிலிருந்து சுடிதார் ஒரு மூட்டையிலும் எண் சீட்டு ஒரு மூட்டையிலும் வருகிறதாம். "இங்கன வச்சு நம்ம ஆளுகதான் தைச்சுச் சேக்காவ" என்றார்.

இரண்டாவது, மேலப்பாளையத்தில் முகம்மது சுல்தான் கடை. எல்லாம் வளைகுடாச் சரக்கு. அவர் எடுத்துப் போட்ட முதல் உடையில் 54 என்று இருந்தது. (இந்த எண்ணை எழுதலாம், ஏன் என்று பாருங்கள்.) சாலோமி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். சுல்தான் பதறவில்லை. "டீச்சர், அது உசரம். சுத்தளவு எழுதுத பழக்கமே அங்கன கிடையாது" என்றார். மூன்று கடைகளில் பொய் சொல்லாத ஒரே எண் அந்த 54. உடைதான் தரையைப் பெருக்கியது. அதில் தொழலாம், ஓட முடியாது. ஆனாலும் ஒன்று வாங்கிக்கொண்டார், கொழுந்தியாளுக்கு என்று.

மூன்றாவது, பாளை மார்க்கெட்டில் மாடிப்படிக்குமேல் மஹாலக்ஷ்மி கடை. அங்கே வாங்கிய அதே ___ஐ ஓய்வறையில் போட்டதும் ஜிப் ஏறிவிட்டது. சாலோமி கண்ணாடி முன்னால் நின்று, "பாத்தியளா, நான் மாறல. கடைதான் மாறுது" என்றார். எனக்கும் கண் கலங்கியது. பிறகு விசில் ஊதுவதுபோல் கையை உயர்த்தினார். கக்கத்தில் 'டர்' என்றது.

திருப்பிக் கொடுக்க நான் மட்டும் போனேன். மஹாலக்ஷ்மி கிழிசலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எல்லாத்துலயும் ரெண்டு நம்பர் கொறச்சுத்தான் ஒட்டச் சொல்லியிருக்கேன். பொம்பளைக்குக் காலைல எந்திச்சா ஆயிரம் சங்கடம். நான் வேற எதுக்கு?" கிழிந்ததை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்பதையும் இதே கனிவோடு சொன்னார்.

இரண்டு எண் குறைத்த பிறகும் கிழிந்திருக்கிறது. எனக்குக் கணக்குத் தெரியும். சாலோமியிடம் சொல்லவில்லை.

4

இந்த இடத்தில் எனக்குக் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. சாலோமி எப்படி இருப்பார் என்று நான் இன்னும் எழுதவே இல்லை. முதல் பிரதியில் 'பூசினாற்போன்ற' என்று எழுதியிருந்தேன். அவர் அதை வாங்கிப் படித்து, சிவப்பு மையில் அடித்தார். 'திடகாத்திரமான' என்று மாற்றினேன். "நான் என்ன அம்மிக்கல்லா?" என்று அதையும் அடித்துவிட்டு, ஓரத்தில் அவரே எழுதினார்: ஓடுகிற உடம்பு. அப்படியே விட்டிருக்கிறேன்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது நாறும்பூநாதனிடம் போனோம். கிழிந்த சுடிதார், அண்ணாச்சி மாற்றிக் கொடுத்த தொளதொள சுடிதார், அளவு ஜாக்கெட் மூன்றையும் சாலோமி மேசையில் வைத்தார். கடைக்காரர்கள் எல்லாரும் எண்ணை மாற்றிப் பொய் சொல்வதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். நாறும்பூநாதன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"கோவப்படாதிய டீச்சர். இந்த ஜாக்கெட்டை நான் பிரிச்சுப் பாத்து எட்டு வருசம் ஆச்சு."

"அப்ப எதை வச்சுத் தைச்சிய?"

"நீங்க படியேறி வரும்போது ஒரு பார்வை பாப்பேன். கால் இஞ்ச், அரை இஞ்ச் கூட்டிக்கிடுவேன்."

"பெறகு இது எதுக்கு?"

"அது மரியாதைக்கு வாங்கி வைக்கது. இந்தத் தெருவுல எல்லாருக்கும் அப்படித்தான்."

சாலோமி கத்தரிப்பூ ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்தார். மூன்று கடைக்காரர்களையும் அவர் மனதுக்குள் மன்னித்ததை நான் பார்த்தேன். (பார்க்கவில்லை. எழுத வசதியாக இருந்தது.) பிறகு, "சரி, இப்ப என்ன நம்பர்?" என்றார். நாறும்பூநாதன் ரசீதின் மூலையைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். சாலோமி அதை வெகுநேரம் பார்த்தார். என்னிடம் காட்டவில்லை.

"இந்த அளவுல ஓட முடியுமா?"

"ஓடலாம், குனியலாம், கையைத் தூக்கலாம். தொளதொளன்னு இருக்கதைப் பிடிச்சு, கக்கத்துல ஒரு துண்டு வச்சுத் தாரேன். வெளிய பாத்தா ரெடிமேடுதான்."

தாளாளரின் ஒழுங்கு அப்படியே இருந்தது. பொருத்தம் மட்டும் நாறும்பூநாதனுடையது.

5

விழா. கதைக்கு இங்கே ஒரு பெண் மயங்கி விழ வேண்டும். சாலோமி பாய்ந்து போய்த் தாங்க வேண்டும். யாரும் விழவில்லை. எல்லாப் பிள்ளைகளும் எரிச்சலூட்டும் அளவுக்கு ஆரோக்கியமாக இருந்தார்கள். கடைசித் தொடர் ஓட்டத்தில் விசிலை ஊதிவிட்டு, ஒரு காரணமும் இல்லாமல், சாலோமியும் மைதானத்தின் உள்பக்கமாகக் கூடவே ஓடினார். கொசுவம் இல்லை, முந்தானை இல்லை. போன வருஷம் போய்ச் சேராத வளைவைத் தாண்டினார். நான் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன். தையலும் பிடித்தது.

தாளாளர் ஓரக்கண்ணால் பார்த்தார். ஒட்டவில்லை, விலகவில்லை. மறுநாள் சுற்றறிக்கை வந்தது. அனுமதி. ஆனால் உடை சீராக இருக்க வேண்டும் என்பதால், "சாலோமி ஆசிரியையின் சுடிதாரை எண் சீட்டுடன் மூன்று நாளுக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்கவும், அதே எண்ணில் பதினோரு பேருக்கும் வாங்கப்படும். தவறினால் அனுமதி ரத்து."

மற்றப் பத்துப் பேரில் ப்ரீதா விசில் கயிறு மாதிரி இருப்பாள். களக்காட்டிலிருந்து வரும் ஷம்ஸியா வாசல் நிலையில் குனிந்துதான் நுழைவாள். பரவாயில்லை, எல்லாருக்கும் ஒரே எண்.

அன்று சாயங்காலம் சாலோமி தன் வீட்டு மேசையில் அந்தச் சுடிதாரை விரித்துவைத்திருந்தார். நாறும்பூநாதன் பிரித்துத் தைத்ததில் சீட்டு தனியே கழன்றுவிட்டிருந்தது. பக்கத்தில் ஊசி நூல். கழன்ற அந்த டவுன் சீட்டு, மேலப்பாளையத்து 54, பாளை மார்க்கெட்டின் கனிவான ___, அப்புறம் அந்த ரசீது மூலை.

6

முடிவு அ: ரசீதில் இருந்த எண்ணைத் துணியில் எழுதித் தைக்கிறார். எழுத்தர் வழியாக மதியத்துக்குள் நான்கு பள்ளிக்கும் தெரிந்துவிடுகிறது.

முடிவு ஆ: பாளைச் சீட்டைத் தைக்கிறார். பத்துப் பேருக்குக் கை தூக்க முடியவில்லை. மீண்டும் சேலை.

முடிவு இ: 54. பதினோரு கூடாரங்கள்.

மூன்றையும் படித்துவிட்டு சாலோமி சொன்னார்: "எல்லாம் ஒங்க ஆசை யக்கா. நான் ஒரு சீட்டைத் தைச்சுக் குடுத்தேன். இப்ப பதினோரு பேரும் ஓடுதாவ. அதை எழுதுங்க."

எழுதிவிட்டேன். ஆனால் ஒரே எண்ணில் வாங்கிய உடை பதினோரு உடம்புக்கும் எப்படிப் பொருந்தியது? மனது கேட்காமல் நாறும்பூநாதனிடம் போய் விசாரித்தேன். அந்த வாரம் பத்து விளையாட்டு டீச்சர்கள் தனித்தனியாக, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், பொட்டலத்தோடு வந்தார்களாம்.

"எல்லாரும் அளவு ஜாக்கெட் கொண்டாந்தாவளா?"

"கொண்டாராமலா?"

"பாத்தியளா?"

"வாங்கி வச்சேன்."

சாலோமி எந்தச் சீட்டைத் தைத்தார் என்பது எனக்குத் தெரியாது. இங்கே ஒரு கோடு விட்டிருக்கிறேன்: ___. நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். கை தவறி உங்கள் எண்ணையே எழுதிவிட்டாலும் கவலைப்படாதீர்கள். நான் பார்க்க மாட்டேன். வாங்கி வைத்துக்கொள்வேன்.